தீப மையும் என் மகளின் உள்ளங்கையும்

அண்ணாமலையாரை நம்பிப் பிழைக்கும் சொந்தங்களே, நான் எழுதிப் பழகியவள் இல்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். பௌர்ணமிக்கு வந்தவர்களில் பலர் என் கடையில் இட்லி சாப்பிட்டிருப்பீர்கள். சட்னியில் காரம் ஜாஸ்தி என்று திட்டியும் இருப்பீர்கள். அந்தச் செல்விதான் இது. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஆனால் இதைச் சொல்ல மட்டும் பல மாதம் வாய் வரவில்லை.

போன வருடம் கார்த்திகை தீபத்தன்று ஆரம்பிக்கிறேன். சாயங்காலம் கடை வாசலில் நின்று எல்லோரும் மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தீபம் தெரிந்ததும் தெருவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அரோகரா போட்டது. என் பக்கத்தில் நின்ற மகள் கார்த்திகா மட்டும் இடது கையைத் தூக்கியிருந்தாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சாமிய ஒத்தக் கையில கும்புடுவியா? தூக்குடி அந்தக் கைய" என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் அலறிய அலறலில் அரோகரா சத்தம் நின்றுபோனது. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே, கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கம் இருந்தது. அழுத்தினால் அமுங்கியது, விட்டால் மெல்ல எழுந்தது. அவள் பிறந்தபோதே அந்த இடத்தில் மிளகளவு நீலப் புள்ளி உண்டு. அதிர்ஷ்ட மச்சம் என்றார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். வயசுக்கு வந்த பிறகு அது வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததால் மறைத்தே வைத்திருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

மறுநாளே டவுனில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறார். அவர் அதிகம் பேசமாட்டார், எனக்கும் சேர்த்து அமைதியாக இருப்பவர். அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா நல்ல மாதிரி. எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இது ரத்தக் குழாய் தப்பா வளர்ந்துட்டதும்மா. இதுல ரெண்டு ரகம் இருக்குது. ரத்தம் மெதுவா ஓடற ரகம்னா ஊசி போட்டே அடக்கிடலாம். வேகமா ஓடற நாடி நேரா வந்து இதுல கலந்திருந்தா கஷ்டம். கத்தி வெச்சா ரத்தம் நிக்காது, விட்டு வெச்சா கைய அரிச்சுடும். எதுன்னு இந்த ஸ்கேன்ல எனக்குத் தெளிவா தெரியல."

எது என்று தெரியவில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அடுத்த சில மாதங்கள் நடந்தோம்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மலை மேல் எரிகிற கொப்பரையில் நெய்யும் திரியும் எரிந்து முடிந்து மிஞ்சுகிற கரியை மையாக்கி, ஆருத்ரா அன்று நடராஜருக்கு முதலில் வைப்பார்கள். பிறகுதான் நமக்குக் கிடைக்கும். எங்கள் ஊரில் அந்தத் தீப மை இல்லாத வீடு இல்லை. பரீட்சைக்குப் போனாலும், பெண் பார்க்கப் போனாலும், குழந்தையை முதல் தடவை வெளியே தூக்கினாலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

நான் அந்த மையை என் மகளின் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தேன். தினமும் குளித்ததும் ஒரு விரல் எடுத்து அந்த வீக்கத்தின் மேல் தடவுவேன். டாக்டருக்குத் தெரியாதது அண்ணாமலையாருக்குத் தெரியும் என்று நம்பினேன்.

தை மாதம் வேறு இடத்தில் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நரம்பில் மருந்துச் சாயத்தை ஏற்றினால் ரத்தம் ஓடும் வழி படத்தில் தெரியுமாம். ஊசி ஏறிக் கொஞ்ச நேரத்தில் என் பிள்ளையின் உதடு வீங்கியது. கண் வீங்கியது. "ம்மா, மூச்சு" என்றாள். அவ்வளவுதான், என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்கள். கதவுக்கு வெளியே நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் புடவை கண்ணீரில் நனைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பிழைத்தாள். ஆனால் அந்தச் சாயம் அவள் உடம்புக்கு ஆகாது, இன்னொரு தடவை ஏற்றுவது ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். படமும் பாதியிலேயே நின்றுபோனது. மறுபடியும் எது என்று தெரியவில்லை.

மாசியில் ஒரு பெரிய சர்ஜனிடம் போனோம். கையைப் புரட்டிப் பார்த்தார். வேகமான ரகமாக இருந்தால் கட்டை விரலை எடுக்க வேண்டி வரலாம், பரவினால் கையையும் சொல்ல முடியாது, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அவர் மேல் கோபம் இல்லை. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். கார்த்திகா நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. இன்று என்ன டிபன் என்று அதில் சாக்பீஸால் எழுதுவது கார்த்திகாவின் வேலை. அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். சர்ஜனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் பலகையில் இட்லி, பொங்கல் என்ற எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு கிடந்தன. கை வலிக்கிறதோ என்று பதறிப்போய், "வலிச்சா உட்டுட வேண்டியதுதான கண்ணு, நான் எழுதறேன்" என்றேன்.

"வலிக்கலம்மா. லெஃப்ட்ல எழுதனேன். இப்பவே பழகிக்கறேன்" என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னை உடைத்துப் போட்டது. அதற்குப் பிறகு தினமும் அந்தக் கோண எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டே வந்தது. நேராக நேராக எனக்குப் பயம் கூடியது.

சொந்தங்களே, அந்த நாட்களில் நான் சாமியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். விளக்கு ஏற்றவில்லை. பங்குனிப் பௌர்ணமிக்குக் கடையைத் திறக்கவில்லை. அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு அவரோடு கோபித்துக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கும். தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே நிற்கும், துணி உலர்த்தினால் கொடிக்குப் பின்னால் நிற்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாளியை வைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கத்தினேன். "லட்சம் பேருக்குப் பண்றியாமே. எனக்கு ஒரே ஒரு கை. உனக்கு அது ஜாஸ்தியா?" குழாயடியில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் ஒன்று. கோபித்துக்கொண்டாலும் மை வைப்பதை மட்டும் நான் விடவில்லை. விட்டால் கையும் போய்விடும் என்று பயம்.

அப்போதுதான் டவுனில் முதலில் பார்த்த டாக்டரம்மா போன் செய்தார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் புது மாதிரி மிஷின் ஒன்றை வைத்துப் பரிசோதனை முறையில் பார்க்கிறார்கள், ஊசி இல்லை, சாயம் இல்லை, வெளிச்சத்தையும் சத்தத்தையும் வைத்தே ரத்தக் குழாயைப் படம் பிடிக்கிறார்கள், சொல்லிவைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள் என்றார். எனக்குப் பெரிதாக நம்பிக்கை வரவில்லை. ஊசி குத்தியே தெரியாதது டார்ச் அடித்தா தெரியப்போகிறது என்று நினைத்தேன். வீட்டுக்காரர்தான், "போய்ட்டு வந்துடலாம் செல்வி. பாக்காம இருந்துட்டோமேன்னு அப்புறம் ஆவக் கூடாது" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். பஸ் ஏறினோம்.

அங்கே நர்ஸ் வந்து கார்த்திகாவின் உள்ளங்கையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுப் போனார். உள்ளே கூப்பிட்டார்கள். என் பிள்ளை எழுந்து நின்றபோது அவள் முகம் வெளுத்திருந்தது. போன தடவை இப்படி ஒரு கதவுக்குள் போய்த்தானே உதடு வீங்கியது? என் கை தானாக இடுப்பில் செருகியிருந்த மைப் பொட்டலத்துக்குப் போனது. அண்ணாமலையாரும் கூடப் போகட்டும் என்று ஒரு விரல் மையை எடுத்து, துடைத்த அதே இடத்தில் அழுத்தித் தடவினேன். அந்த இடமே கருநீலமாக இருப்பதால் மை வைத்தது யார் கண்ணுக்கும் தெரியாது. எங்கள் ஊர் அம்மா யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

என்னையும் உள்ளே விட்டார்கள். ஒரு இளவயது டாக்டரம்மா இருந்தார். எல்லோருக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். கையில் வழவழவென்று ஜெல் தடவி, இஸ்திரிப் பெட்டியின் பாதி அளவில் ஒன்றை அதன் மேல் வைத்தார்.

"பயப்படாத பாப்பா, குத்தாது. இந்த வெளிச்சம் உள்ள போவும். ரத்தம் அதை வாங்கிக்கிட்டுத் துளியூண்டு சூடாவும். சூடானா ஒரு சின்னச் சத்தம் போடும், நம்ம காதுக்குக் கேக்காது. மிஷின் அந்தச் சத்தத்தக் கேட்டுப் படம் வரையும். நல்ல ரத்தம் ஒரு கலர்ல தெரியும், ஓய்ஞ்ச ரத்தம் இன்னொரு கலர்ல தெரியும். வேகமான நாடி கலந்திருந்தா அந்தக் கலர்லயே புடிச்சிடலாம்."

டிக் டிக் என்று மெல்லிசாகச் சத்தம் வந்தது. நான் திரையையே பார்த்தேன். மேலே ஒரு பட்டை மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி பளீரென்று வந்தது. அதற்குக் கீழே இருட்டு. அவர் கையைத் திருப்பினார், ஜெல்லை இன்னும் போட்டார், எதையோ கூட்டினார், குறைத்தார். மறுபடியும் அதே பட்டை, அதே இருட்டு.

"உள்ளயே போவ மாட்டேங்குதேம்மா" என்றார். அவர் குரலே இறங்கிவிட்டது. "தோல்லயே நின்னுடுது. இது வரலன்னா குழாய் உட்டுச் சாயம் ஏத்தித்தான் பாக்கணும். முன்கூட்டியே மருந்து கொடுத்து, ஐசியூல வெச்சுச் செய்வாங்க. நான் பெரிய டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

மறுபடியும் சாயம். வெளியே வந்து வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார், சாயம் என்று மட்டும் சொன்னேன். கதவு எல்லாம் மூடிவிட்டது என்று தெரிந்துபோனது. அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு சாமியைக் கூப்பிட்டேன். கையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை, அதைக் கேட்கத் தைரியம் போய்விட்டது. "உள்ள என்ன இருக்குதுன்னு மட்டும் காட்டிடு அண்ணாமலையாரே. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன். தெரியாம சாவறதுதான் முடியல." இதைத்தான் சொன்னேன். அடி முடி தெரியாத ஜோதியாக நின்றவரிடம் ஒரு உள்ளங்கை ஆழத்தைக் காட்டு என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். இன்னும் என்ன கெட்ட சேதியோ என்று போனேன். பிள்ளையின் கையில் இருந்த ஜெல்லைத் துடைத்த வெள்ளைப் பேப்பரை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கறுப்பாக இருந்தது.

"பாப்பா ஏதோ மைன்னு சொல்லுது. என்னாம்மா இது?"

"அம்மா டெய்லி வெப்பாங்க. இப்பக்கூட வெளிய வெச்சாங்க" என்றாள் கார்த்திகா.

தீப மை என்றேன். கொப்பரை, நெய், கரி எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டார். "அதானா! கரிம்மா இது. கறுப்பு மொத்த வெளிச்சத்தையும் மேலயே முழுங்கிடும். இது போடற சத்தம்தான் எனக்குக் கேட்டுது. ரத்தத்துக்கு எதுவும் போய்ச் சேரல. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்."

கழுவுவதா? உதிர்ந்த மையைக்கூட நாங்கள் கால் படாத இடத்தில்தான் போடுவோம். சோப்பு போட்டுச் சாக்கடையில் விடுவதா? என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நெத்தியில வைங்கம்மா. அங்க இருந்தா எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல" என்றார்.

கை கழுவும் இடத்தில் நின்று என் மகளின் கையைப் பிடித்தேன். ரேகை ரேகையாக மை ஏறி உட்கார்ந்திருந்தது, லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் தண்ணீர் இறங்கியது. என் கையாலேயே சாமியை அனுப்புகிறேனே என்று கண்ணீர் கொட்டியது. "கோச்சுக்காதே, கோச்சுக்காதே" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தேன். அத்தனை மாதமாக அந்த வீக்கத்தை மையோடுதான் தொட்டிருக்கிறேன். வெறும் கையாக அன்றுதான் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, என் பிள்ளையின் கைதான் அது. தண்ணீர் தெளிவாக வந்த பிறகு துடைத்துவிட்டு, நெற்றியில் ஒரு பொட்டு மை வைத்தேன்.

மறுபடியும் கண்ணாடி, ஜெல், டிக் டிக். இந்தத் தடவை அந்தப் பட்டை இல்லை. இருட்டுக்குள்ளிருந்து மெல்ல மெல்லக் கோடுகள் வந்தன. மழை பெய்து ஓய்ந்த பிறகு மண்ணில் தண்ணீர் பிரிந்து பிரிந்து ஓடிய தடம் மாதிரி இருந்தது. என் மகளின் கைக்குள் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

டாக்டரம்மா பேசவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பேசாமல் இருந்தால் கெட்டதுதான் என்று எனக்குப் பழகிப்போயிருந்தது. கார்த்திகாவின் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஒரு நிமிஷம்" என்று பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு டாக்டரம்மா திரும்பினார். "மெதுவா ஓடற ரகம்தாம்மா. நாடி அது பாட்டுக்குத் தனியா போவுது பாருங்க, இதுல கலக்கல. வெரல எடுக்கற பேச்சே இல்ல. ஊசியில பாத்துக்கலாம்."

நான் அப்படியே அவர் காலில் விழப் போனேன், பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரரிடம் சொல்ல வெளியே ஓடினேன். அந்த மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சித்திரையிலிருந்து விட்டு விட்டு ஊசி போட்டார்கள். சாயம் தேவைப்படவில்லை, சாதாரண ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கை வீங்கி, வலி பொறுக்காமல் துடித்தாள். வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. நீலம் இன்னும் இருக்கிறது. பனி நாளில் வலிக்கிறது. திரும்ப வளரலாம், கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன், இது சாட்சி என்பதால் பொய் சேர்க்கக் கூடாது.

ஒரு நாள் கடையில் என் வீட்டுக்காரர் சீண்டினார். "மைய கழுவனப்புறம்தான தெரிஞ்சுது? அப்ப உன் சாமி என்னா பண்ணாரு?"

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்துச் சொன்னேன். "மைன்னா என்னாங்க? வெளிச்சம் எரிஞ்சு முடிச்ச மிச்சம். நான் மிச்சத்தப் புடிச்சிக்கிட்டு வெளிச்சத்த வெளியவே நிக்க வெச்சிட்டேன். அவரு உள்ள வரணும்னுதான் அந்த டாக்டர் பிள்ள வாயால கழுவச் சொல்ல வெச்சாரு." அவர் தோசையைச் சாப்பிட்டார்.

நான் கேட்டது காட்டு என்பதுதான். காட்டினார். கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தார். உங்களில் யாராவது இப்போது ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பீர்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள், அவர் தாங்குவார். ஆனால் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்வதையும் தட்டாதீர்கள். உங்கள் பக்தியே சாமிக்கு வழி மறித்து நின்றால் அதையும் கழுவிவிட்டு நில்லுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். இதை நான் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இந்த வருடம் தீபத்தன்று காலையில் கடைப் பலகையில் வலது கையால் எழுதிய அச்சு மாதிரி எழுத்து இருந்தது. சாயங்காலம் வாசலில் நின்றோம். மலை மேல் தீபம் தெரிந்தது. தெருவே கையைத் தூக்கியது. கார்த்திகா துப்பட்டாவைத் தோளில் தள்ளிவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் என் மகளின் வலது கையைப் பார்த்துக் கும்பிட்டேன்.